மூன்றாவது வேட்டு

செத்துப்போன ஆளே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து புகார் கொடுத்த கேஸ் ஒன்றை நான் நடத்தியிருக்கிறேன். வக்கீல்கள் கூடும் பார் ரூமில் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. ‘அறிவுமதி, டீயைக் குடிச்சிட்டுப் போம்மா’ என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். அந்தக் கேஸில் எதிரி எங்கள் ஊர் பஞ்சநதம் சித்தப்பா. கீழ்வேளூர் வட்டாரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எதிரி என்று கூப்பிட அவரைவிட லாயக்கில்லாத ஆள் கிடைக்க மாட்டார்.

அவருக்கு மூன்று மா குத்தகை நிலம். அதில் சம்பா போடுவார், அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் உளுந்து தெளிப்பார். இந்த விவரமெல்லாம் வி.ஏ.ஓ.வுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் வேட்டு பஞ்சநதம். எங்கள் ஊரில் யாராவது இறந்தால் முதலில் வீட்டுப் பெண்கள் குரலெடுத்து அழுவார்கள், அடுத்து வாசலில் வேட்டு போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வயலில் நிற்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வரப்பேறி வருவார்கள். இப்போது ஊருக்கு வாட்ஸ்அப் குரூப்பே மூன்று இருக்கிறது. ஆனாலும் வேட்டுச் சத்தம் கேட்காத சாவை எங்கள் ஊரில் யாரும் சாவாக ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு காலத்தில் இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்துக் கிட்டித்துத்தான் போடுவார்களாம். போலீஸ் ஒருமுறை வந்து மிரட்டியதும் சித்தப்பா குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கடையில் விற்கிற சிவகாசி வெடிக்கு மாறிவிட்டார். நல்ல வேளை மாறினார். லைசென்ஸ் இல்லாமல் மருந்து வைத்திருந்தால் சட்டம் வருஷக்கணக்கில் உள்ளே தள்ளிவிடும். அப்படி நடந்திருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடை வெடிதானே என்று அவர் கண்டபடி கொளுத்துகிற ஆள் இல்லை. சரவெடியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். “அது என்ன வெடியா? வயித்துப்போக்கு மாதிரி” என்பார். ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் நடுவில் நிதானமாக ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் விட வேண்டும் என்பது அவர் கட்சி. சின்ன வயதுச் சாவுக்கு வேட்டே கிடையாது. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு மூன்று. கொள்ளுப் பேரனைப் பார்த்தவர்களுக்கு ஐந்து. ரைஸ்மில் முதலாளி போனபோது வீட்டுக்காரர்கள் பத்து வேட்டாவது போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். கொள்ளுப்பேரன் இல்லை என்று மூன்றோடு வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த மனிதருக்குப் போன வருஷம் சிங்கப்பூரில் பேத்தி பிறந்தது. ஒரே மகள் வானதிக்குத் தலைப்பிரசவம். பிரசவம் பார்க்க மலர்க்கொடி சித்தி முன்னாலேயே விமானம் ஏறிவிட்டார். அறுப்பு கிடந்ததால் சித்தப்பா ஊரிலேயே தங்கிவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஊரில் நாயைக்கூட விடாமல் நிறுத்தி, “நெல்லு வீட்டுக்கு வந்ததும் நான் பேத்தியைப் பார்க்கப் போறேன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். குழந்தையின் போட்டோவைச் செல்போன் முகப்பில் வைத்திருந்தார். யாராவது மணி என்ன என்று கேட்டால் போதும், போனை நீட்டிவிடுவார்.

மாசி மாதத்தில்தான் துரைராசு தாத்தா ‘செத்தார்’.

துரைராசுக்கு எண்பதைத் தாண்டிய வயது. சொந்தமாக நிலம், வாசலில் மாட்டுக் கொட்டகை, கொட்டகையை ஒட்டிப் புது வைக்கோல் போர், வீடு கொள்ளாத கோபம். பஞ்சநதத்துக்கு மாமா முறை. இருவரும் பார்த்தால் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்காமல் தாண்ட மாட்டார்கள். துரைராசுக்கும் அவருடைய பங்காளி சாமிதுரைக்கும் வாய்க்கால் தகராறு நாற்பது வருஷம் நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் சாமிதுரை போய்ச் சேர்ந்தபோது, எதிர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேட்டை எண்ணியவர் துரைராசு. ஐந்தும் முடிந்ததும், “பய நல்லாத்தான் போட்டிருக்கான்” என்று எழுந்து உள்ளே போனார். குரலில் துக்கம் இல்லை, பொறாமை இருந்தது. எனக்கே கேட்டது.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டித் தஞ்சாவூரில் சேர்த்திருந்தார்கள். வயதாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பினார். அவர் சொன்னது அவ்வளவுதான். அது ஊருக்கு வந்து சேர்வதற்குள், வந்த வழியில் ஆளுக்கு ஒரு பிடி சேர்த்துவிட்டார்கள். விடிவதற்கு முன்னாலேயே பந்தல்காரன் மூங்கிலோடு வந்துவிட்டான். பஞ்சநதமும் ஐந்து வெடியை எடுத்துக்கொண்டு போய், கொட்டகைக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. துரைராசுவைக் கண்ணை மூடியபடி, தாடைக்குக் கீழே துணி சுற்றி, எலும்பும் தோலுமாக இறக்கினார்கள். குளிருக்குச் சுற்றிய மப்ளர்தான் அது. பார்த்த மாத்திரத்தில் அவர் மனைவி சாவித்திரி ஆச்சி, “என்னெப் பெத்த சாமீ!” என்று ஒரு குரல் எடுத்தார்.

பஞ்சநதத்துக்கு அது போதும். முப்பது வருஷமாக அவருக்கு உத்தரவு அந்தக் குரல்தான். முதல் வேட்டு ஊரையே குலுக்கியது. இரண்டாவது பனியில் நமுத்துப்போய்ப் புஸ்ஸென்று புகைந்தது. மூன்றாவது பிரமாதமாக வெடித்தது, ஆனால் பொறி ஒன்று தெறித்து வைக்கோல் போரின் ஓரத்தில் விழுந்தது. சாவித்திரி ஆச்சி அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர் அண்டாவைத் தூக்கி நெருப்பின்மேல் கவிழ்த்தார். பாதி நெருப்பின்மேலும் மீதி பஞ்சநதத்தின்மேலும் விழுந்தது. அந்தக் களேபரத்தில் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“எவன்டா அவன்?”

பந்தல்காரன் மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினான். இன்றுவரை கூலி கேட்டு வரவில்லை.

துரைராசு கஞ்சி குடித்தார். பிறகு இட்லி. பிறகு கருவாட்டுக் குழம்பு கேட்டுச் சண்டை போட்டார். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் செய்த முதல் வேலை, ஆட்டோ பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதுதான். அங்கே நடந்ததை ரைட்டரே பிறகு என்னிடம் சொன்னார். எஸ்.ஐ. பொறுமையான பெண்.

“என்ன பெரியவரே, என்ன புகார்?”

“சாவுக்கு வேட்டு போட்டான்மா.”

“யாரு செத்தது?”

“நான்தான்.”

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். உயிரோடு இருக்கிறவருக்குச் சாவு வேட்டு போடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சமாதானமாகப் போகச் சொன்னார்கள். கிழவர் நகரவில்லை. மறுநாளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ரைட்டரின் மிக்சர் பொட்டலத்திலும் கைவைத்தார். கடைசியில் கருகிய வைக்கோல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அஜாக்கிரதையாக வெடிபொருளைக் கையாண்டது, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 288. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுதிப் படித்துக் காட்டினார்கள். “ஆறு மாசம்தானா?” என்று கேட்டுவிட்டுத்தான் துரைராசு கையெழுத்துப் போட்டார்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்ததும் அதே வாரம். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். சித்தப்பா என் ஆபீஸ் படியேறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“பாப்பா, கேஸ் முடியாம பாஸ்போர்ட் தர மாட்டாங்களாமே.”

“ஆமா சித்தப்பா. அதனால பேசாம குற்றத்தை ஒத்துக்குங்க. ஃபைன் போடுவாங்க, கட்டிட்டு வந்துடலாம். ஒரே நாள்ல முடிஞ்சிடும். அடுத்த மாசம் பேத்தியைத் தூக்கலாம்.”

“ஒத்துக்கிறதா? எதை?”

“வேட்டு போட்டதை.”

“போட்டதை ஒத்துக்கிறேன். தப்பா போட்டேன்னு ஒத்துக்க மாட்டேன். அழுகை வந்துச்சு, போட்டேன். முறைப்படி போட்டேன். செத்தவரு எந்திரிச்சா அது என் தப்பா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொலை கேஸில் உள்ளவன்கூட என் பேச்சைக் கேட்பான். இந்த மனிதருக்குச் சட்டத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நெஞ்சு வறண்டுவிட்டது. கடைசியில் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் கூண்டில் ஏறி, மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதும், “வேட்டு போட்டேன் தாயி, தப்பு பண்ணலை” என்று கணீரென்று சொன்னார். விசாரணைக்குத் தேதி போட்டார்கள். நான் ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பஸ் பிடித்து வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வாய்தாமேல் வாய்தா. முதல் வாய்தாவுக்குக் குழந்தை குப்புற விழுந்திருந்தது. அடுத்த வாய்தாவில் தவழ்ந்தது. அதற்கடுத்த முறை எஸ்.ஐ.க்கு வேறு ஊரில் பந்தோபஸ்து, நாங்கள் திரும்பி வருகிற வழியில் போனில் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. மலர்க்கொடி சித்தி கூப்பிடும்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் காதுபடத் திட்டுவார்.

“உங்க ரோஷத்தை ஒரு பக்கம் வச்சிட்டு ஒத்துக்கிட்டு வந்து தொலைங்களேன்! பிள்ளை நடந்தே அங்க வந்துடும் போல இருக்கு!”

 சித்தப்பா போனை அணைத்துவிட்டு அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மறைவாகத் துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஒருவழியாக ஆவணியில் சாட்சி விசாரணை வந்தது. முதல் சாட்சி துரைராசு. சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி வந்து ஏறினார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகச் சொன்னார். அடுத்து குறுக்கு விசாரணை, நான் எழுந்தேன்.

“தீ பிடிச்சதுல உங்களுக்கு என்ன சேதம்?”

“ஓரத்துல ரெண்டு கட்டு கருகுச்சு. கருகாத பக்கத்தை மாடு தின்னுடுச்சு.”

“கொட்டகைக்கு?”

“அதுக்கு என்ன, அது பாட்டுக்கு நிக்குது.”

“உங்களுக்குக் காயம்?”

“ஒண்ணுமில்லை.”

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாது என்று என் சீனியர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

“அப்புறம் எதுக்குங்க தாத்தா இந்தப் புகாரு?”

துரைராசு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். இவ்வளவு மாதமும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அந்த சாமிதுரைக்கு இவன் அஞ்சு போட்டான்மா. எனக்கும் கொள்ளுப்பேரன் இருக்கான். காது குத்துக்கு என் மடியிலதான் உக்காந்தான். ஆனா எனக்கு மூணு! கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டே கெடந்தேன். மொத வேட்டு சரி. ரெண்டாவது நமுத்துப் போச்சு. மூணாவது வந்துச்சு. நாலாவது வரும்னு பாக்குறேன், பாக்குறேன், வரவே இல்லை. என்னடா இது, நம்மளை மூணோட முடிச்சிட்டானேன்னு பொறுக்க மாட்டாமத்தான் கண்ணைத் தொறந்தேன்.”

கோர்ட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டவாலி அதட்டினார், ஆனால் அவர் தோளும் குலுங்கியது. கூண்டுக்குள்ளிருந்து பஞ்சநதம் கத்தினார்.

“மாமா! அஞ்சுதான் வச்சிருந்தேன்! ஒரு வெத்தலை போடுற நேரம் விட்டேன். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிட்டீங்க! எந்திரிச்ச ஆளுக்கு நாலாவதை எப்படிப் போடுறது?”

“நீ போட்டிருந்தா நான் ஏன்டா எந்திரிக்கிறேன்?”

“நீங்க எந்திரிச்சதாலதான் போடலை!”

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், நான் முன் வரிசையில் நின்றேன். துரைராசு மட்டும் யோசனையில் இருந்தார்.

“நெசமாவே அஞ்சு வச்சிருந்தியா?”

“பேத்தி மேல சத்தியமா மாமா.”

கிழவர் முகம் தெளிந்தது. ஆனாலும் விடவில்லை. “சரி, இருக்கட்டும். ரெண்டாவது நமுத்துப் போச்சே, அது?”

பஞ்சநதம் தலையைக் குனிந்தார். அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அது தப்புதான் தாயி. ராத்திரிப் பனியில வெளியில வச்சிட்டேன். ஒரு மனுசன் கடைசியாக் கேக்குற சத்தம் அது, அதை நமுக்க விடலாமா? ஒத்துக்கிறேன். குத்தத்தை ஒத்துக்கிறேன்.”

“வைக்கோல் பக்கத்துல வெடிச்சுத் தீ பிடிச்சதே, அதையா ஒத்துக்கிறீங்க?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“அதையும் கூடச் சேத்துக்குங்க தாயி.”

இரண்டாயிரம் ரூபாய் அபராதம், கோர்ட் கலைகிற வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கும் தண்டனை. சித்தப்பா சுவரோரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் துரைராசும் போய் உட்கார்ந்துகொண்டார். உங்களுக்குத் தண்டனை இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டவாலி இரண்டு முறை சொன்னார். கிழவர் கேட்காத மாதிரி இருந்தார். மத்தியானம் மரத்தடியில் டவாலியின் கண் முன்னாலேயே, சாவித்திரி ஆச்சி கட்டிக்கொடுத்த தயிர்ச்சாதத்தை இருவரும் பங்கு போட்டுத் தின்றார்கள்.

பாஸ்போர்ட் வந்தது. கிளம்புகிற அன்று துரைராசு கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்.

“எப்ப திரும்புவ?”

“ஒரு மாசம் மாமா.”

“ஒரு மாசமா?” கிழவர் யோசித்தார். “சரி, போயிட்டு வா. அதுவரைக்கும் இருக்கேன்.”

சிங்கப்பூரில் பேத்தி தாத்தாவைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாளாம். பழக்கதோஷம், சித்தப்பாவின் கை தானாகச் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தடவியது என்று சித்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த ஊரில் வெடியைக் கையில் வைத்திருந்தாலே ஜெயில் என்று வானதி முதல் நாளே மிரட்டி வைத்திருந்தாள். ஒருநாள் கடலோரத்தில் ஏதோ விழாவுக்கு வாணவேடிக்கை காட்டக் கூட்டிப்போனார்கள். தோளில் பேத்தியோடு பார்த்துவிட்டு, “கலர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடைவெளியே விடாம போடுறான், என்ன சேதின்னே வெளங்கலை” என்றாராம். மூன்றாம் நாளே பேத்தி மீசையைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தாள். இவர் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது இல்லை. எனக்கு அனுப்பிய எந்தப் படத்திலும் முகம் தெரியவில்லை, எல்லாவற்றிலும் அந்தக் குட்டிக் கைதான்.

வாரம் தவறாமல் துரைராசுவை வீடியோவில் கூப்பிடுவார். கிழவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து தெரிந்தார். “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனை ஆச்சியிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பியவர் பையில் பேத்தியின் காலி பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. நல்ல இறுக்கமான மூடி. எதற்கு என்று நான் கேட்கவில்லை. துரைராசு வீட்டிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. வாசலில் நின்ற வைக்கோல் போர் கொல்லைக்குப் போயிருந்தது. “வேட்டுக்கு எடம் விட்டிருக்கேன்” என்றார் கிழவர். கையோடு என்னிடம் ஒரு மனுவும் எழுதச் சொன்னார். தன் சாவுக்கு வெடி வெடிக்க முன்கூட்டியே ஸ்டேஷனில் அனுமதி வேண்டுமாம். எஸ்.ஐ. வாங்கிப் பார்த்தார்.

“தேதி போடலையே பெரியவரே?”

“நீங்க எப்ப சொல்றீங்களோ அப்பன்னு வச்சுக்குங்க” என்றார் துரைராசு. எஸ்.ஐ. கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

கார்த்திகை அடைமழையில், மழை விட்ட ஒரு காலையில், துரைராசு தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த முறை டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார். நான் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். பஞ்சநதம் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். பிறகு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். சாவித்திரி ஆச்சி குரலெடுத்து அழுதார். அந்த அழுகையிலும் சித்தப்பா அசையாமல் நின்றார். நான்தான் போய்த் தோளைத் தொட்டேன்.

முதல் வேட்டு வெடித்தது. வெற்றிலை மெல்லுகிற நேரம். இரண்டாவது கணீரென்று வெடித்தது, அதில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதும் வெடித்தது.

அதன் பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆயிற்று. இரண்டு வெற்றிலை மெல்லுகிற நேரமும் ஆயிற்று. நாலாவதை எடுக்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்த துரைராசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அந்தப் பக்கம் பார்த்தது. நானும் பார்த்தேன். சிரிப்பு வருகிற விஷயம்தான், ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கடைசியில் சாவித்திரி ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“போடுப்பா. அவரு எண்ணிக்கிட்டிருப்பாரு.”

பஞ்சநதம் நாலாவதை எடுத்துப் பற்ற வைத்தார்.